மைனருக்குப் பத்தியம்

மைனரை மறந்திருக்க மாட்டீர்கள். பொன்மணி கல்யாணமாகி ராஜபாளையம் வந்தபோது, வ. புதுப்பட்டியிலிருந்து சீர்ப் பாத்திரங்களோடு லாரியில் வந்து இறங்கிய வெள்ளை நாய்.

"ராஜபாளையத்துக்கே ராஜபாளையம் நாயைச் சீராக் கொண்டாந்த சம்பந்தக்காரவுகளை இப்பத்தான் பார்க்கேன்" என்று மாமியார் சண்முகத்தாய் அன்றைக்கு ஆரம்பித்த கேலி இன்னும் முடியவில்லை. அந்த மைனருக்குக் கணையத்தில் வீக்கம் என்று டாக்டர் சொன்ன இடத்தில்தான் போன வாரம் விட்டிருந்தேன்.

டாக்டர் சொன்னது சின்ன விஷயம். கொழுப்பு ஆகாது. வாய்க்கு ருசியாக ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் கொழுப்பில்லாததாகப் பார்த்துக் கொஞ்சமாகக் கொடுங்கள். மீறினால் நாய் தங்காது.

வேறு வீடாக இருந்தால் இதைப் புரிந்துகொண்டிருப்பார்கள். மாமனார் சோலைச்சாமி வீட்டில் பிரியம் என்றால் இரண்டு கரண்டி நெய், கோபம் என்றால் ஒரு கரண்டி நெய். நெய்யே ஊற்றாமல் ஒரு ஜீவனிடம் எப்படிப் பிரியமாக இருப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பொன்மணி ஒருத்திதான் மெனக்கெட்டாள். புருஷன் பாண்டி ராணுவத்தில், அஸ்ஸாம் பக்கம். பிறந்த வீட்டிலிருந்து கூட வந்ததில் பாத்திரமெல்லாம் மாமியாரின் பரணுக்குப் போய்விட்டது. அவளுடையது என்று அந்த வீட்டில் மிச்சம் இருப்பது மைனர் மட்டும்தான். அது போய்விட்டால் தானும் அந்த வீட்டில் வெறும் விருந்தாளி என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தாள். மைனர் மரியாதையாக வாயில் வாங்கி, காம்பவுண்டு சுவர் ஓரம் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. கேரட்டுக்கும் அதே சுவர்தான். விதை எடுத்த ஆப்பிளை ஒரு நாள் தின்றது, மறுநாள் மறந்துவிட்டது. பூசணிக்காயை அவித்து மசித்தபோது சண்முகத்தாய் அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குட்டி விரதம்?"

"மைனருக்கு, அத்தை."

"கஞ்சிக்கு வழியில்லாத வீட்டுல கூட நாய்க்கு எலும்பு கிடைக்கும். நம்ம வீட்டுல பூசணிக்கா. வெளிய சொல்லிராத. நம்ம மானம் போயிரும்."

கோழி நெஞ்சுக் கறியைத் தோல் உரித்து, உப்பில்லாமல் அவித்து வைத்துவிட்டுப் பொன்மணி குளிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அதற்கு நல்லெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்து ஊற்றியிருந்தது. கேட்டதற்கு, "வாசனைக்கு" என்றாள் சண்முகத்தாய். பொன்மணி அதை அப்படியே குப்பையில் கொட்டினாள். கொட்டியதை மாமியார் அஸ்ஸாமுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

தெருக்காரர்கள் இதற்கும் மேலே. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் பக்கத்து மரியாதை. நோயாளிக்கு நாலு கால் என்பதற்காக மரியாதையை விட்டுவிட முடியுமா? அவித்த முட்டை வந்தது. ஆட்டுக் கொழுப்பு இலையில் சுற்றி வந்தது. விருதுநகர் போய்வந்த ஒரு மகராசன் பொரிச்ச பரோட்டா கட்டிக்கொண்டு வந்து, "பிள்ளை மெலிஞ்சு போச்சே" என்று கண் கலங்கினார். ராஜபாளையம் நாய் பிறவியிலேயே ஒட்டின வயிறு என்பது, ராஜபாளையத்திலேயே பிறந்து வளர்ந்த அந்த மனிதருக்கு ஞாபகம் வரவில்லை.

இந்தக் கூட்டத்தை அடக்கியவர் மாமனார் சோலைச்சாமி. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டில் நாற்காலி போட்டு, மடியில் கம்பை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நாய்க்கு யாரும் எதுவும் கொடுக்கப்படாது. இது ஆர்டர். பார்த்தாச்சுல்லா, போயிட்டு வாங்க."

அந்த வீட்டில் பொன்மணி பக்கம் நின்ற ஒரே ஆள் அவர்தான். விடியற்காலை மைனரை நடக்கக் கூட்டிப் போவது அவர். மாத்திரை கொடுப்பதும் அவர். மற்றவர்கள் கொடுத்தால் மைனர் நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்பிவிடும். அவர் கொடுத்தால் மட்டும் ஒரே வாயில் விழுங்கும். "மாத்திரை நம்ம டிப்பார்ட்மெண்ட்டு. யாரும் தலையிடக்கூடாது" என்று சொல்லிவிட்டார். நடந்து முடித்ததும் மைனர் அவர் சட்டைப் பையில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். அந்தப் பாசத்தைப் பார்த்துப் பொன்மணிக்குச் சில நாள் பொறாமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைக் கும்பிட்டு வருவார். அதே ஊரில்தான் மூத்த மகள் செல்வலட்சுமி இருக்கிறாள். அவள் புருஷன் காளிராஜுக்குப் பால்கோவாக் கடை. அந்தப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டார். "துப்பாக்கி பிடிச்ச கையால கரண்டி பிடிக்கிறவனுக்குப் பொண்ணைக் கொடுத்துட்டேன்" என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே குறை.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வலட்சுமி மைனரைப் பார்க்க வந்தாள். கையில் பை. சுவரோரமாக உட்கார்ந்து மைனரோடு செத்த நேரம் கொஞ்சினாள். பொன்மணி மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே இறங்கி வருவதற்குள் பை மடங்கிவிட்டது.

"என்ன மதினி கொடுத்திய?"

"ஒண்ணுமில்லை. அவன் திங்கிறதுதான்."

அவன் திங்கிறது என்ன என்பது பொன்மணிக்குத் தெரியாதா? பால்கோவாக் கடைக்காரி வேறு எதைக் கொண்டு வருவாள்? அன்றைக்கே கேட்டிருப்பாள். சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

விட்டதற்கு இன்றைக்குக் காலையில் பலன் கிடைத்தது.

முற்றத்தில் மைனர் முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நெஞ்சைத் தரையில் படுக்கவைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. அசையவில்லை. வாய் ஓரத்தில் எச்சில் நூலாகத் தொங்கியது.

சண்முகத்தாய் காபி டம்ளரோடு வந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி பொன்மணி, இங்க வந்து பாரேன். சாமி கும்பிடுதான். வடக்க பார்த்துக் கும்பிடுதான். ஆண்டாள் கோயில் இருக்கிற திசையை எப்படிக் கண்டுபிடிச்சான் பாரு."

வயிற்று வலி தாங்காத நாய் அப்படித்தான் நிற்கும் என்று டாக்டர் படம் காட்டியே சொல்லியிருந்தார். பொன்மணி கார் சாவியை எடுத்தாள். சண்முகத்தாய் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அந்தக் காட்சியைக் காட்டுவதற்குள், சோலைச்சாமி மைனரைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்து பின்சீட்டில் ஏறிவிட்டார்.

"ஓட்டு தாயி. மெதுவாப் போகாத."

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மைனரின் தலை அவர் மடியில் இருந்தது. வழியில் ஒருமுறை வாந்தி எடுத்தது. அவர் தன் வேட்டியிலேயே துடைத்தார். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய பொன்மணிக்கு அழுகை வந்தது. அந்த வீட்டில் மனிதர் என்று சொல்ல ஒருவராவது இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் நாச்சியாரின் கிளினிக் வாசலில் வழக்கம்போல் ஆடும் கன்றுக்குட்டியுமாகக் கூட்டம். போர்வையைப் பார்த்ததும் டாக்டர் இவர்களை முதலில் உள்ளே கூப்பிட்டார். நடுத்தர வயது. நாற்பது வீட்டுப் பொய்யைத் தினமும் கேட்கிறவரின் முகம்.

ரத்தம் எடுத்தார். ஊசி போட்டார். முன்னங்காலில் முடியை மழித்து ட்ரிப் ஏற்றினார். பிறகுதான் பேசினார்.

"என்ன கொடுத்திய?"

"ஒண்ணும் கொடுக்கலை டாக்டர். சோறு, அவிச்ச கோழி, பூசணி. நீங்க சொன்னதுதான்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுதாங்க." கண்ணாடிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது மைனரோட ரத்தம். சிவப்பு கீழ இறங்கிருச்சு. மேல நிக்குதே, அது தெளிவா இருக்கணும். எப்படி இருக்கு?"

பால் ஊற்றினதைப் போல வெள்ளையாக இருந்தது.

"அம்புட்டும் கொழுப்பு. பூசணிக்காயில இது வராது." டாக்டர் குழாயைத் தாங்கியில் வைத்தார். "மாத்திரை ஒழுங்காப் போகுதா?"

"வேளை தப்பலை" என்றார் சோலைச்சாமி, முதுகை நிமிர்த்தி.

"அதுதான் எனக்குப் புரியலை. மாத்திரை ஆரம்பிச்ச பொறவுதான் அதிகமாயிருக்கு. போன தடவையும் இப்படித்தான்." டாக்டர் பொன்மணியைப் பார்த்தார். "இன்னைக்கு என்னால ஆனதைப் பார்க்கேன். சாயங்காலத்துக்குள்ள வாந்தி நின்னுட்டா பிழைச்சுக்குவான். ஆனா உங்க வீட்டுல எந்தக் கை இதைச் செய்யுதுன்னு கண்டுபிடிச்சுட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும். இன்னொரு தடவை இப்படி வந்தா என்கிட்ட கொண்டு வராதீங்க. சாகறதைப் பார்க்கிறதுக்கு நான் ஒருத்தி எதுக்கு?"

"எந்தக் கைனு எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள் பொன்மணி.

வெளியே வந்து செருப்பை மாட்டினாள். சோலைச்சாமியும் மாட்டினார்.

"நானும் வாரேன் தாயி. நியாயம்னு வந்துட்டா மகளா, மருமகளான்னு நான் பார்க்க மாட்டேன்."

காளிராஜின் கடை கோயில் தேர் நிற்கும் வீதிக்குப் பக்கத்தில். முன்னால் விற்பனை. பின்னால் விறகு அடுப்பில் பெரிய வாணலியில் பால் வற்றிக்கொண்டிருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் மரக்கரண்டியில் ருசி பார்த்தபடி நின்றிருந்தார்கள். செல்வலட்சுமி பெட்டிகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா படியேறி வருவதைப் பார்த்து முகம் மலர்ந்தாள். பாவம், இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் படியை மிதிப்பது அதுதான் முதல் தடவை.

"வாங்கப்பா. எம்புட்டு நாளாச்சு. ஏட்டி பொன்மணி, மைனருக்கு எப்படி..."

"மைனருக்கு ட்ரிப் ஏறுது மதினி. ஞாயித்துக்கிழமை நீங்க ஊட்டுனது ரத்தத்துல மிதக்குது. டாக்டரம்மா குழாயில பிடிச்சுக் காட்டுனாக. பால் மாதிரி இருக்கு. உங்க கடைச் சரக்குதான்."

கரண்டிகள் வாயில் நின்றன.

காளிராஜ் கல்லாவிலிருந்து எழுந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கடையைப் பற்றி யாராவது பேசினால் அவருக்குப் புத்தி வேலை செய்யாது.

"அதெப்படிச் சொல்லலாம்? எங்க கோவா சுத்தமான பால். கொழுப்பு ஆட்டுல இருக்கும், கோழித் தோல்ல இருக்கும். பாலு சைவம். சைவத்துல கொழுப்பு எங்கிருந்து வரும்?"

இந்த விஞ்ஞானத்தைக் கேட்டு வெளியூர்க்காரர் ஒருவர் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு அரை கிலோ சொன்னார். இப்படித்தான் இந்த ஊர் பிழைக்கிறது.

"நான் கோவா கொடுக்கலை" என்றாள் செல்வலட்சுமி.

"பொறவு என்ன கொடுத்திய?"

"பொரி. உப்பில்லாத பொரி. நாச்சியார் டாக்டர்கிட்டயே போய், என்ன கொடுக்கலாம்னு கேட்டுட்டுத்தான் வாங்குனேன்."

பொன்மணி சிரித்தாள். சிரித்ததைப் பார்க்க நன்றாக இல்லை.

"கேட்டியளா மாமா? கடை நிறைய கோவாவை வச்சுக்கிட்டு இவிய நாய்க்குப் பொரி வாங்கிட்டு வந்தாகளாம். பொய் சொன்னாலும் அளந்து சொல்லணும் மதினி. அன்னைக்கு 'அவன் திங்கிறதுதான்'னு சொன்னியளே, அப்பவே பொரின்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நீ சிரிப்பன்னு சொல்லலை."

"இப்பவும் சிரிக்கத்தான் செய்றேன்."

செல்வலட்சுமியின் கண் நிறைந்தது. அவள் சட்டென்று அழுகிறவள்தான். அழுதே சின்ன வயதிலிருந்து காரியம் சாதித்தவள் என்று அந்த வீட்டில் ஒரு பேர் உண்டு. அதனால் அவள் அழுகையை யாரும் பொருட்படுத்துவதில்லை. சோலைச்சாமியும் பொருட்படுத்தவில்லை.

"பொய் சொன்னா எனக்குப் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு வாயில்லா ஜீவனுக்கு விஷத்தை வச்சுட்டு, டாக்டரைச் சாட்சிக்கு இழுக்க. இனி என் வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது. தீவாளிக்கும் வேண்டாம், பொங்கலுக்கும் வேண்டாம். உன் அம்மாகிட்ட போன்ல பேசிக்கோ."

"மாமா, யோசிச்சுப் பேசுங்க" என்றார் காளிராஜ்.

"இனிப்பு விக்கிறவருகிட்ட நான் யோசனை கேட்கலை மாப்பிள்ளை."

"எப்பா, ஒரு நாய்க்காகவா?"

"நாயில்லை. மைனர்."

செல்வலட்சுமி கையிலிருந்த நூல் உருண்டையை மேஜையில் வைத்தாள். "நான் பொரிதான்பா கொடுத்தேன்" என்று ஒருமுறை சொன்னாள். பிறகு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். பொன்மணியும் சோலைச்சாமியும் படி இறங்கினார்கள். ஒரு பெரிய காரியம் முடித்த திருப்தி இருவர் நடையிலும் தெரிந்தது. மருமகள் நடையில் ஒரு படி கூடவே தெரிந்தது. சொந்த மகளையே விட்டுக்கொடுத்துத் தன் பக்கம் நின்ற மாமனார் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

ஓட்டலில் இருவரும் சாப்பிட்டார்கள். அவர் அவளுக்கு இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கினார்.

கிளினிக்கில் மைனர் தூங்கியது, விழித்தது, மறுபடி தூங்கியது. வெயில் தாழும் நேரத்தில் தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தது. குடித்தது வெளியே வரவில்லை. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மைனர் முனகவில்லை.

"தப்பிச்சுட்டான்" என்றார் டாக்டர். "வாய் வழியா மாத்திரை கொடுத்துப் பார்ப்போம். தங்குச்சுன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். கை எதுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. உண்டு இல்லைன்னு ஆக்கிட்டு வந்துட்டோம்" என்றாள் பொன்மணி.

காலை அவசரத்திலும் அவள், மைனருக்காக அவித்து வைத்திருந்த சீனிக்கிழங்கை, சர்க்கரைவள்ளிக் கிழங்கைத்தான் சொல்கிறேன், டிபன் பாக்ஸில் எடுத்து வந்திருந்தாள். நெய் இல்லை, உப்பு இல்லை, தோலும் இல்லை. மாத்திரையை மறைக்கிற அளவுக்குப் பசையாக இருக்கும், கொஞ்சமாகக் கொடுத்தால் வயிற்றுக்கும் ஆகும் என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது. டாக்டர் விரல் நுனியில் காட்டி, "இம்புட்டுத்தான்" என்றார். பொன்மணி மாத்திரையைப் பிரித்தாள்.

"அதெல்லாம் திங்க மாட்டான் தாயி. தள்ளு." சோலைச்சாமி மாத்திரையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நம்ம டிப்பார்ட்மெண்ட்டு."

சட்டைப் பையில் கைவிட்டார். சின்னதாக மடித்த எண்ணெய்க் காகிதப் பொட்டலம் ஒன்று வந்தது. பிரித்தார். உள்ளே இருந்ததில் ஒரு கிள்ளு கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, நடுவில் மாத்திரையை அமுக்கினார். கை சுத்தமாக, பழகின வேகத்தில் வேலை செய்தது.

காலையிலிருந்து அசையாமல் கிடந்த மைனரின் வால் மேஜையில் தட்டியது. வாயைத் திறந்தது.

பொன்மணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன மாமா இது?"

"கோவா."

அவர் முகத்தில் கொஞ்சம்கூட மாற்றமில்லை.

"அனுபானம் தாயி. சூரணத்தைத் தேன்ல குழைச்சுக் கொடுக்கதில்லையா? வெறும் மருந்து உடம்புல ஏறாது, கூட ஒண்ணு வேணும். மருந்தோட போறது மருந்துக் கணக்கு. தீனிக் கணக்குல வராது."

புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்குத் துப்பாக்கி துடைக்கச் சொல்லிக் கொடுக்கிற குரல்.

"எத்தனை நாளா கொடுக்கிய?" என்றார் டாக்டர்.

"முத மாத்திரையில இருந்து. காலையும் சாயங்காலமும். ஒரு வேளை தப்பலைன்னு சொன்னேனே." பிறகு, டாக்டர் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று சேர்த்துச் சொன்னார். "மாப்பிள்ளை கடைச் சரக்கு இல்லை. அதை நான் தொடமாட்டேன். சனிக்கிழமை கோயிலுக்கு வரும்போது எதுத்த கடையில வாங்குவேன். கைல எடுத்தா நெய் மினுங்கும்."

டாக்டர் நாச்சியார் தாங்கியிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

சோலைச்சாமி அந்த வெள்ளையைப் பார்த்தார். உள்ளங்கையில் இருந்த வெள்ளை உருண்டையைப் பார்த்தார். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கையை வேட்டியில் துடைக்கப் பார்த்தார். மைனரின் மூக்கு அந்தக் கையோடு கூடவே போனது.

கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவையே விரட்டிவிட்டு, உள்ளே போய்த் தன் கையால் ஊட்டியிருக்கிறார் மனிதர். வேளை தப்பாமல். இதற்கு ஆர்டர் வேறு. சண்முகத்தாயின் நல்லெண்ணெயும் பரோட்டாக்காரரின் கண்ணீரும் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

பொன்மணி அந்த உருண்டையை வாங்கிப் பிய்த்து, மாத்திரையை எடுத்துக் கழுவினாள். சீனிக்கிழங்கில் வைத்து நீட்டினாள். மைனர் முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சோலைச்சாமியைப் பார்த்தது.

"நீங்களே சொல்லுங்க மாமா."

"தின்னுலே மைனர்" என்றார். மைனரின் தலையைத் தொட்டு இன்னொரு தடவை சொன்னார். "தின்னுலே."

மைனர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. ஒரே விழுங்கு. அவர் சொன்னால் கிழங்கையும் தின்னும், கல்லையும் தின்னும். முதல் நாளே சொல்லியிருந்தால் போதும். கோவாவே தேவைப்பட்டிருக்காது. அது அவருக்கும் விளங்கியது என்பது முகத்தில் தெரிந்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

டாக்டர் அடுத்த ஆட்டைப் பார்க்க வெளித் திண்ணைப் பக்கம் போனார்.

"தாயி" என்றார் சோலைச்சாமி.

"சொல்லுங்க."

"இதை வீட்டுல சொல்ல வேண்டாம்."

பொன்மணி நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க அத்தைக்குத் தெரிஞ்சா தெரு முழுக்கத் தெரிஞ்சிரும். நான் பொறவு அந்தக் கேட்டுல எப்படி உக்கார? இனி நான் கொடுக்க மாட்டேன், சத்தியம். நடந்தது நடந்து போச்சு." வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். "செல்வி கொடுத்ததாவே இருக்கட்டும். அவ ரெண்டு நாள் அழுவா. பொறவு சரியாயிருவா. மக தானே."

காலையில் தன் வேட்டியால் நாயின் வாந்தியைத் துடைத்த அதே மனிதர். நியாயம் என்று வந்தால் மகளா, மருமகளா என்று பார்க்காதவர். உண்மையிலேயே பார்க்கவில்லை. தன்னைத் தவிர யாரையும் பார்க்கவில்லை.

பொன்மணிக்கு அவர் மேல் அருவருப்பாக இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாயெடுத்தவளுக்கு, அந்தக் கடையில் தான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மைனர் தலையைத் தூக்கிக் கதவுப் பக்கம் பார்த்து வாலை ஆட்டியது.

செல்வலட்சுமி நின்றிருந்தாள். அழுது கழுவின முகம். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது. நோயாளியைப் பார்க்க வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை. பொட்டலம் ஒன்று வைத்திருந்தாள்.

அப்பாவைப் பார்க்கவில்லை. பொன்மணியையும் பார்க்கவில்லை. வெளியே நின்ற டாக்டரிடம் கேட்டாள்.

"பொரி கொடுக்கலாம்ல டாக்டர்?"

"ரெண்டு பொரி போதும். அன்னைக்கே சொன்னேனே உங்ககிட்ட."

செல்வலட்சுமி மேஜை ஓரம் வந்து பொட்டலத்தைப் பிரித்தாள். உப்பில்லாத வெள்ளைப் பொரி. மைனர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகினது என்று அதற்குத் தெரியும். அவள் விரலிலிருந்து எடுத்து மென்றது. வெள்ளரிக்காயைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்த நாய் அது. பொன்மணி ஊர் முழுக்கத் தேடிய தீனி இவள் கையில் இருந்திருக்கிறது.

"மதினி..." என்று ஆரம்பித்தாள் பொன்மணி.

செல்வலட்சுமி காதில் வாங்கவில்லை. இன்னொரு பொரியை எடுத்து நீட்டினாள். மைனர் தின்று முடிக்கிறவரை அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட யாரு கொடுத்ததாச் சொல்லப் போறிய, எப்பா?"

சோலைச்சாமி பொன்மணியின் முகத்தைப் பார்த்தார்.